பாக்கியநாதனின் வீட்டுக் காது

புதுவாயல் பாக்கியநாதனுக்கு வீட்டில் மட்டும்தான் காது கேட்காது.

துறைமுகத்தில் அவர் பைலட். கப்பல் வந்தால் படகில் போய், கயிற்றேணி பிடித்து மேலே ஏறி, கேப்டனுக்கு வழி சொல்லிக் கப்பலை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறவர். வயர்லெஸ்ஸில் யார் முணுமுணுத்தாலும் பிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால், "ஹாரன் சத்தத்துல காது பூட்ச்சு" என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். மனைவி மெர்சி எது கேட்டாலும் ஒரே பதில்தான். "ஆங்?" அப்பப்பா, என்ன நிம்மதி!

அந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க, லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்து சேர்ந்தது. கண்ணும் காதும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். இல்லையென்றால் வேலை அம்பேல்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்."

"இருங்க, நானும் வரேன்."

"நீ எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவசரமாக "ஆங்?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"காது கேக்காத மனுசன், டாக்டர் கேக்கறதுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க? நான்தான கூட நின்னு கத்தணும்!"

காரில் போகும்போதே திட்டம் போட்டார். டெஸ்டில் பாஸாகிவிட வேண்டியது. வெளியே வந்து, காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டியது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்சி, கண் கொட்டாமல். கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அமுக்கினால் பெண்டாட்டியிடம் மாட்டுவார், அமுக்காவிட்டால் லைசென்ஸ் போகும். அழாத குறையாக அமுக்கினார். அதைவிடச் சின்னக் கொசு வந்தது. அதற்கும் அமுக்கினார்.

"ரெண்டு காதும் அருமையா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"அழுக்கு கிழுக்கு எதுனா அடச்சிக்கினு இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள் மெர்சி.

"சுத்தமா இருக்கும்மா. போன தடவை பாத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

பாக்கியநாதன் சண்டைக்குத் தயாரானார். சண்டை வரவில்லை. மெர்சி சிரித்த முகமாகப் போனில் எதையோ தட்டிக்கொண்டு வந்தாள்.

டோல்கேட் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் ஸ்டீபன் ரிட்டயர் ஆயிட்டான் இல்ல? நம்ம ஊட்லயே வந்து இருக்கட்டுமான்னு உங்கள மூணு தபா கேட்டேன்."

"எப்ப?"

"நீங்க சோபால சாஞ்சிக்கினு இருக்கச் சொல்லோ. ஒரு தபாகூட வேணாம்னு சொல்லலியே?"

"எனக்குத்தான் காது..."

"காதுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்றார் பாக்கியநாதன்.

வீட்டு வாசலில் இரண்டு சூட்கேஸோடு நின்றிருந்தார் ஸ்டீபன். வாயைத் திறந்தால் சாப்பிடும்போதும் மூடாதவர்.

"வா மாப்ள! காது சூப்பரா கேக்குதாமே, மெர்சி மெசேஜ் போட்டுச்சு. உக்காரு, நெறைய பேசணும்!"