பாதி வழியில் நின்ற சுவர்

அரிசோனா பாலைவனம்,
பிப்ரவரி 11, புதன்கிழமை.

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. ஃபார்கோவின் பனிக்கு நடுவே நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் பேத்தியும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். குளிர்காலம் முழுக்க நாங்கள் குடியிருக்கும் வீட்டு வண்டிதான் நேற்று நலமில்லாமல் போய், இப்போது தேறியிருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல, பக்கத்திலிருந்து உன் அம்மா ஒன்று சொல்ல, நீ மூன்றாவதாக ஒன்றைப் புரிந்துகொள்வாய். ஆகவே நடந்தது நடந்தபடி, எதையும் ஒளிக்காமல் எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்து வண்டி டெல்மர் என்பவருடையது என்று முன்பே எழுதியிருந்தேன். ஓக்லஹோமாக்காரர், எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு ஜெனரேட்டரை ஓடவிடுவார். பாலைவனம் முழுக்க அமைதியாக இருக்கும்போது அது ஒன்று மட்டும் தடதடவென்று என் தலையணைக்குள்ளேயே ஓடுவது போல இருக்கும். பத்து நாள் பொறுத்தேன். பதினொன்றாம் நாள், "ஐயா, சூரியன் தானாகவே உதிக்கும், அதற்கு இஞ்சின் தேவையில்லை" என்று ஒரு சீட்டெழுதி அவர் வண்டிக் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நேற்றுக் காலை, இனி இங்கே இருக்க முடியாது, இருநூறு அடி தள்ளிப் போய்விடுவோம் என்று முடிவு செய்து, ஸ்லைடை உள்ளே இழுத்தேன். அதாவது சோபாவும் சாப்பாட்டு மேஜையும் சுவரோடு சேர்ந்து வண்டிக்குள் வந்து அடங்கிவிடும், உனக்குத் தெரியும். அப்படி அடங்கிவிட்டால் சோபாவுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் பூனை போகலாம், உன் அம்மா போக முடியாது. இருநூறு அடிதானே என்று அவள் பின்னால் படுக்கையறையிலேயே மேஜை விளக்கு விழாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் வண்டியை நகர்த்தி, நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஸ்லைடை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினேன். சுவர் ஒரு சாண் நகர்ந்தது. முனகியது. நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினேன், முனகல்கூட இல்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சமையலறை என் பக்கம், கழிவறை அவள் பக்கம். இதில் யார் பாடு தேவலை என்று யோசித்துப் பார்த்தால் உனக்கே புரியும்.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அது காலை ஒன்பதரை. அடுத்து வந்த அஞ்சு நிமிஷத்தை நீ நம்பமாட்டே கண்ணு. வண்டியோட வந்த புத்தகத்தை எடுத்தேன். அதில் ஸ்லைடு வேலை செய்யாவிட்டால் என்ன செய்வதுன்னு ஒரு அத்தியாயமே இருக்கு. ஃபியூஸைப் பார்ன்னான், பார்த்தேன், எல்லாம் நல்லா இருந்துச்சு. கை பிரேக் போட்டிருக்கான்னு பார்ன்னான், போட்டிருந்துச்சு. ஏதாவது குறுக்கே மாட்டியிருக்கான்னு பார்ன்னான், படுத்து, உருண்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தேன், என் முதுகுதான் மாட்டிக்கிச்சு. அப்புறம் கடைசியா, இத்தனைக்கும் சரியாகலேன்னா உங்களுக்கு வண்டி வித்தவரை அணுகவும்னு போட்டு அத்தியாயத்தை முடிச்சுட்டான். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவன், பனிப்புயல்ல நடுரோட்டுல பெல்ட் மாத்தினவன், நான் ஏன் இன்னொருத்தரை அணுகணும்னு வீம்புல சோபாவுக்கு அடியில இருந்த பலகை ரெண்டையும் கழட்டினேன். பதினாலு திருகாணி. திரும்ப மாட்டும்போது மூணு மிச்சம். அது எந்த மூணுன்னு இப்ப வரைக்கும் தெரியலே.

பக்கத்தில் கனடாவின் மனிடோபாவிலிருந்து வந்திருக்கும் கிளாரன்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, "மோட்டார் போயிடுச்சு லோவெல். எங்க மச்சானுக்கு இப்படித்தான் ஆச்சு. சுவரை அறுத்துத்தான் எடுத்தாங்க" என்று ஆறுதல் சொன்னார். இதைக் கேட்ட உன் அம்மா படுக்கையறை ஜன்னலைத் திறந்தாள்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் ரொட்டி குடுங்க" என்றாள்.

குளிர்பெட்டிக் கதவு சோபாவில் இடித்து நாலு விரல்தான் திறக்குது. கையை விட்டு எட்டினதுல பாலாடைக்கட்டித் துண்டும் ஊறுகாய்ப் பாட்டிலும் வந்துச்சு. ரொட்டியில வெச்சு வெளிய சுத்திப் போய் ஜன்னல் வழியா நீட்டினேன். ஜன்னலுக்குக் கீழே மடிப்பு நாற்காலி போட்டு நாலு பெண்கள் உட்கார்ந்து அவகூடக் கதை பேசிக்கிட்டிருக்காங்க. நான் வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கிறேன், அங்கே திருவிழா நடக்குது.

"அந்த ஜன்னல் அவசரத்துக்கு வெளிய வர்றதுக்குத்தான். ஏணி வெக்கிறேன், இறங்கிடு" என்றேன்.

"எழுபது வயசுல ஜன்னலேறிக் குதிக்க நான் யாரோட ஓடிப் போறேன்? டெல்மரைக் கூப்பிடுங்க. இந்த மாதிரி வேலையெல்லாம் அவருக்குத் தெரியுமாம், அவர் பெண்டாட்டி ஜோலீன் சொன்னா."

"அந்த ஆளைக் கூப்பிட மாட்டேன்."

"நீங்க கூப்பிட வேண்டாம்" என்றவள், கழுத்தை நீட்டி, "டெல்மர்! கொஞ்சம் வர்றீங்களா?" என்று பாலைவனமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டாள். அப்போது மணி இரண்டு.

வந்தார். நெற்றியில் கட்டின விளக்கு, கையில் ஒரு சின்ன மீட்டர். என்னைத் தாண்டி நேராக நடந்தார். பேட்டரிப் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், உச்சுக் கொட்டினார்.

"எப்பக் கடைசியா இதைத் திறந்து பார்த்தீங்க?"

நான் கிழக்கே மலையைப் பார்த்தேன்.

பேட்டரி முனையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பூசணம் பிடித்த பாலாடைக்கட்டி மாதிரி இருந்தது. "விளக்கு எரியிற அளவுக்கு மின்சாரம் போகுது, அதனால நீங்க நம்பிட்டீங்க. சுவரைத் தள்ளுற அளவுக்குப் போகலே. மோட்டார் நல்லாத்தான் இருக்கு" என்றார். சோடா உப்பும் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் கேட்டார். உன் அம்மா ஜன்னல் வழியாகப் பல்துலக்கியைப் போட்டாள். அது பழையது இல்லை, என்னுடையது என்று கண்டுபிடிக்கும்போது அரைவாசி தேய்த்தாயிற்று. தேய்த்து, துடைத்து, இறுக்கி, "இஞ்சினை ஓடவிட்டு இப்ப அழுத்துங்க" என்றார்.

அழுத்தினேன். மாரிட், அந்தச் சுவர் வெண்ணெய் மாதிரி நகர்ந்து போய் நின்றது. ஐந்து மணி நேரம் கழித்து உன் அம்மா கூடத்துக்குள் நடந்து வந்தாள். வந்ததும் நேராக டெல்மரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்புறம்தான்.

நன்றி சொல்ல அவர் வண்டிக்குப் போனேன். கதவைத் திறந்தது ஜோலீன். மூக்கில் குழாய். இரவெல்லாம் ஆக்சிஜன் மெஷின் ஓடி, விடியும்போது அவர்கள் பேட்டரி தீர்ந்துவிடுமாம். ஆறு மணிக்கு ஜெனரேட்டர் போடாவிட்டால் அந்த மெஷின் நின்றுவிடும். பகலில் அவள் வெளியே குழாயில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர, எனக்கு இது தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவர்கள் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து என் சீட்டு ஒட்டியிருந்தது. எனக்குக் காது வரைக்கும் சுட்டுப் போச்சு.

"மன்னிச்சுக்கோம்மா, தெரியாம எழுதிட்டேன்" என்றேன்.

"ஐயோ, அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சிரிச்சோம். சிரிச்சா எனக்கு மூச்சு வாங்கும், அதான் டெல்மருக்குக் கோபம்" என்றாள்.

டெல்மர் பின்னாலிருந்து, "கையெழுத்து நல்லா இருக்கு. எழுதினவருக்குத்தான் பேட்டரி பார்க்கத் தெரியலே" என்றார். உன் அம்மா செய்து வைத்திருந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷை எடுத்து வந்து நாலு பேருமாகச் சாப்பிட்டோம். இன்று காலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடியது, நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் கண்ணு, யோசித்துப் பார்த்தேன். ஊர் சுற்றியது போதும், வீட்டோடு வந்துவிடுங்கள் என்று நீ சொல்வதுதான் சரி. எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஒரு பேட்டரி முனை பூத்துப் போனதற்கு ஐந்து மணி நேரம் பெண்டாட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தவன் இனி ஊர் சுற்றலாமா? வண்டியை விற்றுவிட்டு மாதக் கடைசிக்குள் உன் வீட்டுக் கீழ் அறைக்கே வந்துவிடுகிறோம். இது என் முடிவான முடிவு. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. பேத்திக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் குழாய்கள் உறையாமலும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
லோவெல்.

பி.கு.: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது கிளாரன்ஸ் ஓடி வந்தார். அவர் சுவரும் நின்றுவிட்டதாம். டெல்மர் கடைக்குப் போயிருந்ததால் நானே போய்ப் படுத்துப் பார்த்தேன். சுவர் நகரும் தண்டவாளத்தில் ஒரு கூழாங்கல். ஒரே நிமிஷம்! எடுத்துக் கையில் கொடுத்ததும் கிளாரன்ஸ் மனைவி என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டாள். அதற்குள் செய்தி பரவி, நாளைக்கு மூன்று வண்டிக்காரர்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை இரண்டு பேர். நோயாளிகளைப் பாதியில் விட்டுவிட்டு வருவது முறையில்லை. ஆகவே ஏப்ரல் வரைக்கும் இங்கேதான். கீழ் அறையில் நீ தையல் மெஷின் போட்டுக்கொள். அம்மா சொல்கிறாள், அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு நாவலையே படித்து முடித்துவிட்டாளாம், அடுத்த வாரம் மறுபடியும் சுவர் நின்றால் அவசரமில்லாமல் சரி செய்யச் சொல்கிறாள்.