நீ அனுப்பிய புல் வெட்டும் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது பற்றி

அன்புள்ள தம்பி முரளிக்கு,

மலைமேல் ஆலத்தூர் நாட்டிலிருந்து உன் அக்கா ருக்குமணி எழுதுவது. இங்கே நான் சுகம். மிளகு சுமார், மரவள்ளி பரவாயில்லை, உன் மாமாவுக்கு இரண்டு காலும் இன்னும் இருக்கின்றன. கோயமுத்தூரில் நீயும் கோகிலாவும் பாப்பாவும் சுகமாக இருக்க மாரியாயி துணை. போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் என்ன கடுதாசி என்று கேட்பாய். டவர் கிடைக்கிற ரோட்டு வளைவில் நின்று நான் ஒரு வார்த்தை பேசினால், அது எனக்கு முன்னால் சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த வீட்டு மானம் ஏற்கெனவே வேண்டிய அளவுக்குப் போயாயிற்று. மிச்சத்தையாவது உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்புகிறேன்.

மாமா குனிந்து குனிந்து புல் அறுத்து இடுப்பு விட்டுப்போகிறது என்று இரக்கப்பட்டு, கரண்டில் ஓடுகிற புல் வெட்டும் மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாயே, உன் இரக்கத்தில் இடி விழ. உன் மாமா கடைசியாகக் குனிந்து புல் அறுத்தது எப்போது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் வரப்பில் நின்று, "அங்க உட்டுப்போட்ட பாரு, இங்க உட்டுப்போட்ட பாரு" என்று கை நீட்டுவார். குனிகிற இடுப்பு என்னுடையது. இது தெரியாமல் நீ படித்து என்ன, கம்பெனியில் பெரிய ஆளாகி என்ன?

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று படமாகவே போட்டிருக்கிறான். ஒரு ஆள், காலில் பூட்ஸ், கண்ணில் கண்ணாடி, உடம்போடு ஒட்டின பேண்ட். அந்தப் பூட்ஸையும் கண்ணாடியையும் நீயே கூட வைத்து அனுப்பியிருந்தாய். மழையில் ஓட்டுகிற படத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. உன் மாமா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் டவுன்காரனுக்குப் போட்டதுடீ, நம்ம மண்ணு வேற" என்று சொல்லி ஒரு தாளைக் கிழித்துச் சுண்ணாம்பு மடித்துக்கொண்டார். நைலான் கயிறு சுற்றுகிற தலைக்கு மேலே மாட்ட ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வந்திருந்தது. "இது மட்கார்டு. ரோட்டுல ஓடுற வண்டிக்குத்தான் வேணும்" என்று அதையும் தூக்கி எறிந்தார். மனுஷனுக்கு எவ்வளவு அறிவு பார்.

அந்த மறைப்பு இல்லாததால் கயிறு அளவுக்கு மேல் நீண்டுகொண்டு சுற்றியது. மிளகுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் புல்லை வெட்டுகிறேன் என்று போனவர், மரத்தில் ஏறின மிளகுக் கொடியின் அடித்தண்டில் தோலை உரித்து வைத்துவிட்டார். நான் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினேன். "ஏனுங்க, புல்லுக்கும் கொடிக்கும் வித்தியாசந் தெரியலீங்களா?" என்று கேட்டால், "கண்ணாடியப் போட்டுக்கிட்டு எப்படீடீ தெரியும்?" என்கிறார். கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறிக்கிடக்கிறது, தம்பி. பிறகு கயிறு கல்லில் பட்டுப் பட்டுத் தேய்ந்து அறுந்தது. கூடவே வந்த புதுக் கயிறு பெட்டியிலேயே இருக்கிறது, அதை எடுத்துச் சுற்றினால் கௌரவம் குறைந்துவிடுமாம். கட்டுக்கம்பியை வெட்டிச் சுற்றலாம், கல்லையே அறுக்கும் என்று கிளம்பினார். கம்பி துண்டாகிப் பறந்தால் யார் கண்ணுக்குள் போய் நிற்கும் என்றேன். "அது எதுக்குப் பறக்குது?" என்கிறார். வீட்டில் இருந்த கட்டுக்கம்பியை எல்லாம் சாணிக் குழியில் போட்டு மூடிவிட்டு, கயிற்றை நானே சுற்றிக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அன்றைக்கே மாரியாயி கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, நோம்பிக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் அரிவாளோடு வந்து கோயில் வாசல் புல்லை அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உன் மாமா எழுந்து நின்றார். "ஊட்டுக்கு ஒரு ஆளு எதுக்குங்க? எல்லாரும் அவங்கவங்க பொழப்பப் பாருங்க. எம் மாப்ள குடுத்த மிஷினு இருக்குது, நான் ஒருத்தனே காப்பி குடிக்கிற நேரத்துல முடிச்சுப்போடறனுங்க!" ஊர்க்கவுண்டர் மறுப்பாரா? புல் அறுக்க வா என்றால் பாதி வீட்டுக்குக் காய்ச்சல் வரும். வேடிக்கை பார்க்க மறுநாள் ஊரே குளித்து முழுகி வந்து நின்றது.

நான் சண்டை போட்டுப் பூட்ஸ் மாட்டித்தான் கூட்டிப்போனேன். கோயில் எல்லை வந்ததும் பூட்ஸைக் கழற்றினார். சாமி இடம், செருப்பே ஆகாது, அது நியாயம், நானும் கழற்றித்தான் இருப்பேன். சட்டையைக் கழற்றினார். சாமி முன்னால் கண்ணாடி போட்டு நின்றால் திமிர் என்று அதையும் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மரியாதையாக இடுப்பில் கட்டி, இரண்டு முனையும் முழங்கால் வரை தொங்கவிட்டார். அந்தப் புத்தகத்தில் எதை எதையெல்லாம் போட்டுக்கொள் என்று படம் போட்டிருந்தானோ, அதையெல்லாம் பக்தியோடு கழற்றி ஓரமாக வைத்தார். ராத்திரி பனியில் புல் வேறு சொதசொதவென்று கிடந்தது. வீட்டு ஒயரையும் கோயில் ஒயரையும் முறுக்கிச் சேர்த்து மேலே ஒரு பாலிதீன் பையைச் சுற்றியிருந்தார். பூசாரிக்கே பொறுக்கவில்லை. "அருவா இருக்குதுங்க செங்கோடண்ணா, வெயிலேறட்டும், எல்லாருமாச் சேந்து அறுத்துப்போடலாமுங்க" என்றார். கேட்கிற ஆளா? சாமிக்கு முன்னால் மரியாதையாக நிற்பதை நான் குறை சொல்லவில்லை. மரியாதையாக நிற்கிற ஆளுக்குக் கையில் சுற்றுகிற மிஷின் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

மைக் செட்டுக்குப் போட்டிருந்த பிளக்கில் ஒயரைச் செருகினார்கள். நான் வேறெங்கும் போகாமல் அந்தப் பிளக்கின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். புல் பறந்தது. ஜனம் "ஓ!" என்றது. உன் மாமாவுக்கு அது போதாதா, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க அப்படியே உடம்பைத் திருப்பினார். மிஷின் தலை அவர் காலடிக்கே வந்தது. துண்டு முனையைப் பிடித்துச் சுருட்டியது. துண்டு போயிற்று, துண்டோடு சேர்ந்து வேட்டியும் போயிற்று. மோட்டார் வீல் என்று கத்துகிறது, கருகல் வாடை வருகிறது, அந்த வெறுங்காலும் சுற்றுகிற தலையும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. இந்த மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் அப்புறம் யாரைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருப்பேன்? பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லாம் நின்றது. மாரியாயிக்கு நேர் எதிரே உன் மாமா கோடு போட்ட டிராயரோடு, கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கணுக்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பூசாரி சட்டென்று சாமி பக்கம் திரும்பி மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஊர்க்கவுண்டர் நிதானமாகக் கேட்டார்: "ஏஞ் செங்கோடா, சாமிகிட்ட எதையும் மறைக்கக் கூடாதுதான். அதுக்காக இப்படியா?" பக்கத்து வீட்டுப் பொன்னாயி அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, புல்ல அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வேட்டிய அறுத்துத் தரட்டுமா?" என்றாள். சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்கு ஒரு ஆள் அரிவாள் எடுத்தார்கள், காப்பி குடிக்கிற நேரத்தில் வாசல் சுத்தமாயிற்று. எவனோ வீடியோ எடுத்திருக்கிறான். உனக்கும் வந்திருந்தால் அழித்துவிடு. கோகிலா கண்ணில் படக் கூடாது.

இத்தோடு புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்கிறார்: "தப்பு மிஷினு மேல இல்லடீ, வேட்டி மேலதான். லுங்கியக் கட்டிக்கிட்டு மிளகுத் தோட்டத்த முடிச்சுப்போடறேன் பாரு." அழுதுவிட்டேன், தம்பி. என் பேச்சு இந்த வீட்டில் காற்றோடு போகிறது. மாப்பிள்ளை சொன்னால் மட்டும் வேதம். அதனால் நீ உடனே பஸ் ஏறி வா. சர்வீசுக்கு என்று சொல்வாயோ, கம்பெனிக்காரன் திரும்பக் கேட்கிறான் என்று சொல்வாயோ, அந்தச் சனியனை என் கண்ணில் படாத தூரத்துக்கு எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் அதைக் கிணற்றில் போட்டுவிட்டு உன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்வேன், கோகிலாவிடம் சொல்லி வை.

மாரியாயி உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல், முக்கியமாக மிஷின் இல்லாமல், காப்பாற்றட்டும். பாப்பாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்கா
ருக்குமணி

பி.கு.: கீழே போகிற ஆள் கிடைக்காமல் இந்தக் கடுதாசி வீட்டிலேயே தங்கிவிட்டது. நீ வர வேண்டாம். உன் மாமா செம்மேட்டுக்குப் போயிருந்தபோது, மோட்டார் எரிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் மிஷினை எடுத்தேன். பிளக்கில் செருகுவதற்கு முன்பே வேட்டி நூலையெல்லாம் கத்தரித்து எடுத்து, அவர் எறிந்த மறைப்பைத் தேடி எடுத்து மாட்டி, முறுக்கின ஒயரைத் தள்ளிவிட்டு ஒரே நீள ஒயராகப் போட்டு, பூட்ஸுக்குள் துணி அடைத்து, உன் கல்யாணத்துக்கு அவர் தைத்த பேண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியையும் கண்ணில்தான் மாட்டினேன். நல்ல வெயில், மிளகுத் தோட்டத்தில் புல் காய்ந்து கிடந்தது. கொடி ஓரத்தில் மட்டும் அரிவாள். அடேயப்பா முரளி, என்ன மிஷின்டா அது! வேலி வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்த மனசு வந்தது. பொன்னாயி பார்த்துவிட்டுத் தன் காட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறாள், மிஷின் இப்போது அவள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நைலான் கயிறு அனுப்பினால் அவள் பேருக்கு அனுப்பு. மேலே திட்டினதை அடிக்க மனசில்லை, இருக்கட்டும். உன் மாமாவிடம், நீ வந்து மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். ஊர் வரைக்கும் வந்த மாப்பிள்ளை ஒரு வாய் காப்பி குடிக்காமல், தன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டானே என்று மனுஷன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். உடனே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல்.