கிட்டாருக்குப் பூர்வீகம் கேட்டவர்

இந்தப் பூமியில் எந்த மூலையில் யார் ஒரு பேஸ் கிட்டாரைத் தொலைத்திருந்தாலும், அது இப்போது எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். அதே மனிதர் தன் செருப்பு எது என்று தெரியாமல் என் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. ஊருக்கு அவர் நாலுகம்பி.

சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிட்டாருக்கு நாலு, ஒவ்வொன்றும் தடித்தது. நான் எட்டாவதோடு நின்றவன். ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் காலம் தள்ளியவன். முருகன் பாட்டைத் தவிர வேறு சங்கீதம் அறியேன். எனக்குப் புரிகிற மாதிரி அவர் ஒருநாள் சொன்னார்: "ஷூவுக்கு உள்ள அட்டை இருக்குதே அண்ணே, வெளிய தெரியாது. அது இல்லாம போட்டு நடந்து பாருங்க, கால் சொல்லும். பாட்டுக்கு இது அந்த அட்டை."

அவருக்குத் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. தோலை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "இது முள்வேலில உரசின மாடு. இது வண்டி இழுத்தது, பாவம்" என்பார். செத்துப்போன மாட்டின் வாழ்க்கை வரலாற்றை இப்படிச் சொல்கிறவரைச் சாயங்காலம் வேறு உலகம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வெளிநாட்டில் பேர்பெற்ற வாத்தியக்காரர்கள் இருக்கிறார்களாம். அவர்கள் கைக்கு ஏற்ற மாதிரி, அவர்கள் கையெழுத்தையே போட்டு, கொஞ்சமே கொஞ்சம் கிட்டார்கள் செய்வார்களாம். சிக்னேச்சர் பேஸ் என்று பெயர். அவை கைமாறிக் கைமாறி உலகம் சுற்றும். எது அசல், எது போலி, முதலில் யாரிடம் இருந்தது, அப்புறம் எங்கே போனது என்று தெரியாமல் தவிப்பவர்கள் படம் எடுத்து இவருக்கு அனுப்புவார்கள். இவர் குளித்து, லுங்கி கட்டி, மாடி வராந்தாவில் உட்கார்ந்து, போனில் அந்தத் தேய்மானங்களையும் கீறல்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். முனிவர் தவத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கொசு கடித்தாலும் தெரியாது.

பெங்களூரிலிருந்து ஒருவர் அடிக்கடி கூப்பிடுவார். வசதியான வீட்டுப் பிள்ளை, பேஸ் கிட்டார்களாகச் சேர்ப்பவர். ஒரு கிருத்திகையன்று பிரசாதத்தோடு மாடிக்குப் போன என் மனைவி, கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்று நாலுகம்பி பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"இதுக்கு முன்னாடி யார் வீட்ல இருந்துச்சு சார்? அவரு இன்னா தொழிலு? எதுக்குக் குடுத்தாரு? மனசோட குடுத்தாரா, கஷ்டத்துல குடுத்தாரா? அதெல்லாம் கேக்கணும் சார். யார் யார் மடில உக்காந்துச்சோ அவங்க எல்லாரும் அதுக்குச் சொந்தம்தானே."

கீழே வந்தவள் என்னைத்தான் பிடித்தாள். "ஒரு கட்டைக்கு இவ்ளோ விசாரிக்கிறாரு. நம்ம பொண்ணுக்கு மாப்ள பாக்கறேன்னு நீங்க ஜாதகத்த மடிச்சி மடிச்சி வெச்சிக்கினு இருக்கீங்க."

ஆகையால் கலவை என்ற ஊரில் ஒரு பையனைப் பார்க்கப் போனபோது நாலுகம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். கேசரி வந்தது, காபி வந்தது. இவர் வாய் திறக்கவில்லை. பையனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையால் இடித்தேன். அதைப் பேசச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"தம்பி, பெல்ட்ட ரெண்டு ஓட்ட உள்ள தள்ளிப் போட்டிருக்கீங்க. பழைய ஓட்ட நீண்டு போயிருக்கு. புதுசு இன்னும் வட்டமா இருக்கு. சமீபத்துல இளைச்சிருக்கீங்க. இன்னா விஷயம்?"

பையனின் அம்மா கையில் வெற்றிலைத் தட்டு அப்படியே நின்றது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "முருகனுக்கு மாலை போட்டு, விரதமிருந்து, பழனிக்கு நடந்து போய்ட்டு வந்தேன்" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாதகத்தைப் பிரிக்காமலே தட்டு மாற்றிக்கொண்டோம். திரும்பி வரும்போது நாலுகம்பி ஜன்னலைப் பார்த்தபடி, "பையன் அசல்ணே" என்றார். இன்றைக்கு வரைக்கும் அசல்தான். கந்தன் கருணை.

எப்போதும் அவர் கணக்கு சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு கிட்டார் தொங்குவதைப் பார்த்துவிட்டார். நடுத்தெருவில் தள்ளுவண்டிக்காரர்கள் கத்த, பைக்குகள் ஹாரன் அடிக்க, இவர் அதை மார்போடு அணைத்து நின்று, "கனமான ஆளு வெச்சிருந்தது. வெயில்ல நின்னு வாசிச்சிருக்காரு. மனசுல ஏதோ தீராத துக்கம்" என்றார்.

கடைக்காரர் டீயை உறிஞ்சி முடித்தார். "தோஸ்த், அது போட்டோ ஸ்டுடியோவுல பசங்க புடிச்சிக்கினு போஸ் குடுக்கறது. உள்ள வெறும் பிளைவுட்டு. வேலூர்ல பாதி பேரு கை பட்டிருக்கு."

நாலுகம்பி கொஞ்சமும் அசரவில்லை. அதை மரியாதையாகத் திரும்ப மாட்டிவிட்டு, "அப்ப சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஊர் உலகத்துக் கிட்டாருக்கெல்லாம் பூர்வீகம் கேட்டவருக்குச் சொந்தமாக ஒரு கிட்டார் கிடையாது. எங்கள் தெருக்கோடி சர்ச்சில் ஒன்று இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாமான் அறையில் தூசியோடு கிடந்ததை இவர்தான் துடைத்துக் கம்பி மாற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தார். மற்ற நாட்களில் அது எங்கள் மாடியில் இருக்கும்.

சாயங்காலம் விளக்கேற்றி நான் சாமி முன் உட்காரும் நேரத்துக்கு அவர் மேலே வாசிக்கத் தொடங்குவார். சத்தம் என்று ஒன்றும் பெரிதாகக் கேட்காது. சுவர் வழியாக ஏதோ இறங்கி வரும். தூரத்து மலையில் மழை பிடித்த மாதிரி, பாலாற்று மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி. பூஜை அலமாரியில் கொக்கியில் தொங்கும் சின்ன வெண்கல மணி யாரும் தொடாமலே நடுங்கி, ஈ முனகுவது போல் ஒரு ஒலி கொடுக்கும். முதலில் எனக்குக் கோபம் வந்தது. "சாமி தலையாட்டுது, நீங்க ஏன் ஆட்றீங்க?" என்றாள் மனைவி. பிறகு அந்த மணி முனகினால்தான் எனக்குக் கும்பிட்ட மாதிரி இருந்தது.

ஒருமுறை பெங்களூர்க்காரர் நேரிலேயே வந்தார். பேச்சுவாக்கில் மூலையில் இருந்த சர்ச் கிட்டாரை எடுத்துத் திருப்பினார். தலைப்பகுதிக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. உரித்தார். அடியில் ஒரு கையெழுத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ரகமாம் அது. நேராக சர்ச்சுக்குப் போய் விலைக்குக் கேட்டுவிட்டார்.

சர்ச் செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். "கூரை ஒழுகுது. ஆண்டவரே வழி காட்டியிருக்காரு" என்றார்.

"வழி காட்டினாரு சரி, ஓனரு யாருன்னு சொல்லலியே சார்" என்றார் நாலுகம்பி.

"சர்ச்சுல இருந்துச்சு, சர்ச்சோடது."

"என் செருப்புகூடதான் வாரா வாரம் சர்ச் வாசல்ல இருக்குது."

துணைக்குப் போயிருந்த நான் குனிந்து பார்த்தேன். அன்றைக்கு அவர் போட்டிருந்தது என் செருப்பு.

செயலாளர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "சரி, அறுப்பின் பண்டிகைக்குள்ள ஓனரக் கண்டுபுடி. இல்லன்னா பெங்களூருக்குத்தான்" என்று முடித்தார். விளைச்சலுக்கு நன்றி சொல்லி சர்ச்சில் கொண்டாடும் நாள் அது.

அன்று சாயங்காலம் மணி முனகவில்லை. மாடிக்குப் போனேன். நாலுகம்பி கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"டேப்ப ஒட்னது நீதானேப்பா?"

"நான்தான். மொத நாளே பாத்துட்டேன்ணே. இதையும் பாத்துட்டேன்." தோளில் மாட்டும் தோல்வாரைத் திருப்பிக் காட்டினார். அதன் முனையில் மூன்று சின்ன ஓட்டைகள், பக்கத்தில் ஒரு வெட்டு.

எங்கள் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. பல பேருடைய தோல் ஒன்றாக ஊறும். கலந்துபோகாமல் இருக்க, அவரவர் தோலின் ஓரத்தில் அவரவர் அடையாளத்தைக் குத்திவைப்பார்கள். சுண்ணாம்பிலும் சாயத்திலும் புரண்டாலும் அந்தக் குத்து அழியாது. விற்கிற சரக்கில் அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். ஷெட்டுக்குள் வேலை செய்கிறவர், கழித்துப்போட்ட துண்டில் தனக்காகச் செய்துகொண்ட சாமானில்தான் அது தங்கும்.

"அப்ப இத வெச்சி ஆளக் கண்டுபுடிச்சிருக்கலாமே. ஏன் இத்தன நாளு விசாரிக்கல?"

"விசாரிச்சா கிடைச்சிடுமேண்ணே."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்ப வுட்டுடு. எப்படியும் உன்கிட்ட நிக்கப்போறதில்ல. வித்தாலும் போய்டும், ஓனரு வந்தாலும் போய்டும். கூரையாவது ஆகட்டும்."

அவர் தலையாட்டவில்லை. "ஊரு கிட்டாரையெல்லாம் எங்க இருந்து வந்தேன்னு கேட்டேன். இத மட்டும் கேக்காம அனுப்பிட்டா நான்தான்ணே போலி."

கீழே வந்து முருகன் முன்னால் நின்றேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. எது நிஜமோ அது நடக்கட்டும் அப்பா என்று மட்டும் சொன்னேன்.

தோல் மண்டியில் வயதான பாய் ஒருவர் அந்தக் குத்தைப் பார்த்ததும் விரலால் தடவினார். "வாணியம்பாடி ரோட்ல இருந்த ஷெட்டு. மூடிட்டாங்க. அங்க டிரம் மேஸ்திரி ஒருத்தரு கச்சேரில இந்த மாதிரி ஒண்ணு வாசிப்பாரு. ஆலங்காயம் ஆளு." டிரம் என்றதும் மேளம் என்று நினைத்துவிடாதீர்கள். தோலைப் போட்டு உருட்டுகிற, வீட்டு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய் அது. நாளெல்லாம் இடி போல் உருளும்.

கிட்டாரோடு ஆலங்காயம் பஸ் ஏறினோம். கண்டக்டர், "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"மடிலதான வெச்சிருக்கேன்."

"இவ்ளோ பெரிய கொழந்தைக்கு டிக்கெட்டே போடணும்."

"போடுங்க. ரிட்டன் வேணாம், இது வராது" என்றார் நாலுகம்பி. கண்டக்டர் எதுவும் போடாமல் போய்விட்டார். மலைகள் நீலமாக நெருங்கி வந்தன. அவர் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பது போல் வைத்திருந்தார்.

மேஸ்திரிக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. பீப்பாய்களின் பக்கத்திலேயே வாழ்ந்த காது. வாசலில் எங்களைக் கண்டதும் கிட்டாரைத்தான் பார்த்தார். அவர் மனைவி எல்லாவற்றையும் சொன்னார்.

"தோல் வாங்க வந்த வெள்ளக்காரரு ஒருத்தரு, ஆயுத பூஜ கச்சேரில இவரு வாசிக்கிறதக் கேட்டுட்டு, அடுத்த தபா வரும்போது இத எடுத்தாந்து கையில குடுத்துட்டுப் போய்ட்டாரு. அந்தத் தோல்வார இவரே தெச்சாரு. காது போனப்புறம் ஒருநாளு எடுத்துக்கினு போனவரு, வெறுங்கையோட வந்தாரு. எங்கயான்னு கேட்டேன். பாடற எடமா பாத்து வெச்சிட்டேன்னாரு."

நாலுகம்பி கிட்டாரை நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை. விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "மூணாவது கம்பி லூசா இருக்குது தம்பி."

நாலுகம்பி வெட்கத்தில் முகம் சிவந்து அந்தக் கம்பியை முறுக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, கிட்டாரின் தலையை அந்த வீட்டுப் பழைய மரக்கதவில் அழுந்த வைத்து, அடிக்கம்பியை மெல்ல மீட்டினார். கதவு முழுவதும் முனகியது. மேஸ்திரியின் கையைப் பிடித்துக் கதவின்மேல் வைத்தார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கையையும் வைத்தார். அப்புறம் கன்னத்தை வைத்தார். உள்ளே அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற மெட்டு முழுவதையும் நாலுகம்பி அந்தக் கதவுக்கு வாசித்தார். நான் மனசுக்குள் சரவணபவ சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் பஸ்ஸில் அவர் கை இரண்டும் மடியில் எதையோ பிடித்தபடியே இருந்தன.

செயலாளருக்குக் கூரைப் பணம் கைவிட்டுப் போன வருத்தம் அறுப்பின் பண்டிகை வரைக்கும்தான். அன்று காலை முதல் பஸ்ஸில் மேஸ்திரி கிட்டாரோடு வந்து இறங்கினார். நாலுகம்பியிடம் கொடுத்தார். தான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முடிந்ததும் வாங்கிக்கொண்டு போனார். வாரா வாரம் அதே ஏற்பாடு ஆனது. மழை வந்தால் பெஞ்சுகளை ஒழுகாத பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள். பெங்களூர்க்காரர் இன்னும் போன் செய்து, இப்போது யார் ஓனர் என்று கேட்கிறார். இவர் சொல்லும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

கொஞ்ச நாளில் நாலுகம்பி ஆலங்காயத்திலேயே, அந்த மரக்கதவு வீட்டுக்கு எதிரில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். இப்போது தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். மாடியைக் காலி செய்தபோது என் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போனார். அவருடையது எங்கள் படிக்கட்டில் கிடக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெரிசு.

சாயங்காலம் விளக்கேற்றி உட்காருகிறேன். மணி கொக்கியில் சும்மா தொங்குகிறது. நான் ஆட்டுவதில்லை, கொஞ்சம் காத்திருக்கிறேன். மாடி காலியா என்று வாசலில் யாராவது வந்து கேட்டால், என் மனைவி உள்ளிருந்தே, "ஆள் இருக்காரு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.