இரண்டு இருக்கைத் தேர்

படைகளால் வளர்ந்த பேரரசுகள் உண்டு. வாணிகத்தால் வளர்ந்த நகரங்கள் உண்டு. கூட்டங்களால் மட்டுமே வளர்ந்த ஓர் அமைப்பைக் காண விரும்புவோர் ஒஸ்லோவுக்கு வரவேண்டும், குரோருட்டில் இறங்கவேண்டும், எங்கள் பண்பாட்டுக் காப்புப் பேரவையின் வாசலில் நின்று தலைவணங்கவேண்டும். அதன் செயலாளர் என்ற தகுதியில், எங்கள் வரலாற்றின் மிக உன்னதமான நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன்.

பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் சாருகா, வயது இருபத்து நான்கு, துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய அமெரிக்க மசில் காரை வாங்கினாள். எட்டு சிலிண்டர், ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் குடியிருப்புக் கூட்டுறவில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, மூன்று குளிர்காலங்களை அதற்குள்ளேயே கழித்தாள். எஞ்சினை இறக்கி ஏற்றினாள், காபரேட்டரை மாற்றினாள், வண்டியைத் தரையோடு தாழ்த்தினாள், அடர்பச்சை வண்ணம் பூசுவித்தாள். அந்நாளில் பேரவை, “பெண்பிள்ளைக்குக் கராஜில் என்ன வேலை?” என்று ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. கொள்கை என்றால் உறுதி வேண்டும். அந்த உறுதி, தலைவர் பாக்கியராசாவின் மகள் நிசாந்தினிக்குச் சாமத்தியவீடு என்னும் பூப்பு விழா நிச்சயமாகும் வரை நீடித்தது.

முந்திய சாமத்தியவீடுகளில் ஒரு பிள்ளை குதிரை வண்டியில் மண்டபத்துக்கு வந்திருந்தது. இன்னொரு பிள்ளை ஹெலிகொப்டரில் வந்திருந்தது. தலைவரின் மகள் மின்சாரக் காரில் ஓசையின்றி வந்து இறங்கினால் இனத்துக்கே இழுக்கு அல்லவா? எனவே முதலாவது கூட்டத்துக்குச் சாருகா “அழைக்கப்பட்டாள்”.

“பிள்ளை, உன்ர காரை ஒருநாளைக்குத் தரவேணும்,” என்றார் தலைவர்.

“அந்தக் காரைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டனீங்களே, மாமா?”

“அது கார் கறள் பிடிச்சிருக்கேக்க போட்ட தீர்மானம். இப்ப மினுங்குது.”

தலைவர் குரலில் தேன் சேர்த்தார்.

“உன்ர கராஜ் ஒப்பந்தம் ஒக்டோபரில முடியுது. கூட்டுறவு நிர்வாகத்திலையும் நான்தான் தலைவர். சும்மா ஞாபகப்படுத்தினனான்.”

கராஜ் போனால் கார் தெருவில் நிற்கும். தெருவில் நின்றால் ஒரே குளிர்காலம் போதும். பனி உருக வீதியில் கொட்டும் உப்பு மூன்றாண்டு உழைப்பைத் தின்று தீர்த்துவிடும். இதை மிரட்டல் என்று கூறுவோர் இருக்கலாம். நான் கூட்டக் குறிப்பில் “அன்பான நினைவூட்டல்” என்று எழுதினேன்.

“சரி மாமா, தாறன். ஆனா ஒரு விசயம் சொல்லவேணும். அந்தக் காரில…”

“பேசுறவையின்ர பட்டியல் மூடியாச்சு, பிள்ளை.”

தொடர்ந்து ஆறு கூட்டங்கள்! பின் இருக்கையில் நடுவே பிள்ளை, வலப்பக்கம் தாய் இந்திராதேவி, இடப்பக்கம், ஹம்மர்பெஸ்டிலிருந்து விமானத்தில் வரவிருக்கும் தாய்மாமன் சிவகரன், முன்னே அத்தை. இந்த வரிசைக்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் பிடித்தன. எஞ்சின் மூடியான பொனற்றின் மேல் அலங்காரமாக அமர வேண்டிய பஞ்சு மயிலின் தோகை எவ்வளவு தாழ்ந்து தொங்கவேண்டும் என்பதற்கு ஒரு கூட்டம். ஊர்கூடிச் சம்பளமின்றிச் செய்யும் வேலைக்கு இந்த நாட்டில் “துக்னாட்” என்று பெயர். அந்த முறையில் முப்பது பேர் மயில் செய்தோம். காரின் மேல் உறை போர்த்தியிருந்தது. உறைக்கு மேலாகவே அளவெடுத்தோம். உறையை நீக்கிப் பார்க்கவேண்டிய அவசியம் எவருக்கும் எழவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் சாருகா கை உயர்த்தினாள். “பிற விடயங்கள்” பகுதிக்கு அவளை ஒத்திவைத்தோம். அதற்குள் மண்டப நேரம் முடிந்துவிட்டது. அதே கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து நிசாந்தினியும் கை உயர்த்தினாள். அவளுக்குத் தின்ன ஒரு பற்றிஸ் கொடுத்தோம்.

விழா நாள் வந்தது. கராஜில் உறை நீங்கியது, பொனற்றில் மயில் ஏறியது. பச்சை மினுங்கியது. எட்டிப் பார்த்த இந்திராதேவி அலறினார்.

“இஞ்சேருங்கோ! பின் சீற்றைக் காணேல்லை!”

முன்னே இரண்டு இருக்கைகள். பின்னே இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூடு. வேறொன்றுமில்லை.

“கழட்டிப்போட்டன் மாமி. கார் உருண்டாலும் நசியாமல் இருக்க அந்தக் கூடு. பதிவுப் பத்திரத்திலையும் ரெண்டு பேர் கார் எண்டுதான் கிடக்கு,” என்றாள் சாருகா.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?” தலைவர் உறுமினார்.

“பட்டியல் மூடியாச்சு எண்டனீங்கள்.”

“ரெண்டு பிளேன் மாறி வந்தனான், அத்தான்!” சிவகரனின் தலைப்பாகை நடுங்கியது. “தாய்மாமன் பஸ்ஸிலயோ வாறது?”

“அப்ப பெத்தவள் நான் பஸ்ஸிலயோ?”

நெருக்கடியில்தான் ஒரு பேரவையின் மாண்பு தெரியும். வாகனத் தரிப்பிடத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டினோம். போதிய உறுப்பினர் உண்டா என்று நிறைவெண் சரிபார்த்தோம். நான் இரண்டாவது திருத்தப் பிரேரணையை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது. அதன் பிறகு எட்டு சிலிண்டர்களும் ஒருங்கே முழங்கியதால் வேறெந்த ஓசையும் கேட்கவில்லை. நிசாந்தினி ஏறியிருந்தாள். சாருகா ஓட்ட, கார் போய்விட்டது.

ஹவுகன்ஸ்டுவா மண்டபத்துக்குப் பத்து நிமிடப் பாதை. நாங்கள் கிடைத்த கார்களில் ஏறி முந்திப் போய்ச் சேர்ந்தோம். நானூறு விருந்தினர், வானில் ட்ரோன் கமரா, வாசலில் புகை கக்கும் இயந்திரம். நாற்பது நிமிடம் கழித்துக் கார் வந்தது. மயில் வரவில்லை. பட்டும் பொன்னும் பூட்டிய நிசாந்தினி முழங்கை வரை எண்ணெய்க் கறுப்போடு இறங்கினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மயில் எங்கை?”

“பெற்றோல் ஸ்ரேசன் குப்பைத்தொட்டியில, அப்பா. தோகை ரேடியேட்டரை மூடிப்போட்டுது. ஏத்தத்தில தண்ணி கொதிச்சிட்டுது. நான்தான் கழட்டினனான்.”

“உனக்கு ஆர் இதெல்லாம் பழக்கினது?”

“சாருகாக்கா. சனிக்கிழமையில. கராஜில.”

“அந்தக் கராஜ் ஒக்டோபரோட சரி!”

சாருகா கார்த் திறப்பை இறுகப் பிடித்தாள். நிசாந்தினி காரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“அப்ப நான் மேடைக்கு வரேல்லை.”

“நல்ல நேரம் முடிய இன்னும் பன்ரெண்டு நிமிசம்தான்,” என்று ஐயர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

“செல்லம், சனம் பாக்குது.”

“ஓம், பாக்கட்டும். சாருகாக்காவுக்குக் கராஜ் ஐஞ்சு வருசத்துக்கு எழுதித் தாங்கோ.”

“மூண்டு.”

“ஐஞ்சு. அப்ப எனக்குப் பதினெட்டு. லைசன்ஸும் எடுத்திடுவன்.”

“நிர்வாகக் கூட்டம் வைக்காமல் எப்பிடியம்மா எழுதுறது?”

“நிர்வாகத்தில மூண்டு பேர் உங்களுக்குப் பின்னாலதான் ரோல்ஸ் சாப்பிடினம், மாமா,” என்றாள் சாருகா.

தலைவர் திரும்பினார். மூன்று கைகள் ரோல்ஸோடு உயர்ந்தன. எங்கள் வரலாற்றில் நாற்பது விநாடியில் முடிந்த ஒரே கூட்டம் அதுதான். அழைப்பிதழின் பின்புறத்தில், என் பேனாவால், தலைவர் ஐந்து வருடம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். “எங்கள் செல்வத் திருமகள் பெரியபிள்ளையானாள்” என்ற பொன்னெழுத்து முன்புறத்தில் இருந்தது. நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில், கை கழுவாமலே அவள் மேடையேறினாள்.

நடந்த அவலத்தை ஆராய ஒன்பதாவது கூட்டம் கூடியது. மூன்று மணி நேரம் அனல் பறந்தது. இறுதியில் பண்பாட்டைக் காக்கும் மாபெரும் சீர்திருத்தம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது: இனிமேல் எந்தக் காரையும் தெரிவு செய்யுமுன் அதன் இருக்கைகளை எண்ண வேண்டும்.

பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று எவரும் பிரேரிக்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது; நானும் அதை எழுதவில்லை.