வடிவு டீச்சரின் வெளிநாட்டு மூக்கு

ஒரு காட்டில் மழையைவிட ஆங்கிலத்துக்குத்தான் கிராக்கி அதிகம். விண்ணப்பப் படிவமெல்லாம் ஆங்கிலத்தில் வந்ததால், வளைக்குப் பட்டா கேட்கிற முயல்கூட ஆங்கிலம் படித்தாக வேண்டியிருந்தது.

அந்தக் காட்டுப் பள்ளியில் வடிவு என்ற மைனா பதினோரு வருடமாக ஆங்கிலம் நடத்திவந்தாள். அவளிடம் படித்த முயல்கள் படிவத்தைத் தாங்களே நிரப்பின. ஒருநாள் மேகம் கறுத்தது. “நாளைக்கு கிளாஸ் ஒரு மணி நேரம் ப்ரீபோன்” என்று சொல்லியனுப்பினாள். குட்டிகளெல்லாம் அந்த ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, படித்து, நனையாமல் வீடு திரும்பின.

இன்னொரு ஆங்கில ஆசிரியர் கொக்கு செல்லத்துரை. தன் குளத்தைத் தாண்டிப் பறந்ததில்லை. அவர் நேரே தலைமையாசிரியர் கரடியாரிடம் போனார்.

“சார், ப்ரீபோன் என்ற வார்த்தையே லண்டனில் கிடையாது!”

“இங்கே எல்லாருக்கும் புரிந்ததே சார்?” என்றாள் வடிவு.

“அதுதானம்மா புகாரே,” என்றார் கரடியார். “புரிகிற இங்கிலீஷுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று பெற்றோர் கேட்கிறார்கள்.”

வடிவுக்கு வேலை போயிற்று. கூட்டில் இரண்டு குஞ்சுகள். இரண்டு நாள் புளியமரத்தில் உட்கார்ந்து அழுதாள். மூன்றாம் நாள் இறக்கையில் சுண்ணாம்பைப் பூசி, சுற்றுலாக்காரர்கள் வீசிப்போன டையைக் கட்டிக்கொண்டு, காலியான தன் வேலைக்கே நேர்காணலுக்குப் போனாள்.

“உங்கள் பெயர்?” என்றார் கரடியார்.

“வேர்டிவ்,” என்றாள் மூக்கால். “வாட்டர் இல்லை, வாரர். பெட்டர் இல்லை, பெரர்.”

கரடியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்துரையின் காதைக் கடித்தார். “எப்படி?”

“அமெரிக்க ஆங்கிலம். கொஞ்சம் மட்டம்தான் சார். ஆனாலும் வெளிநாட்டு மட்டம்.”

அன்றே வேலை கிடைத்தது, ஆங்கிலத் துறைத் தலைவர் பதவியோடு.

முதல் நாள் பெற்றோர் ஜன்னலோரம் நின்று கேட்டார்கள். “ஒரு எழுத்தும் விளங்கலை. இதுதான்யா இங்கிலீஷ்!” என்று ஒரு முயல் கண்கலங்கியது. அவர்கள் போனதும் வடிவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பழையபடியே பாடம் நடத்தினாள்.

ஒரு வாரம் கழித்துச் செல்லத்துரை தயங்கித் தயங்கி வந்தார்.

“மேடம், அந்த வாரரை எப்படிச் சொல்வது?”

“முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் சார்,” என்றாள் வடிவு. “நான் சொல்கிறவரை இறக்கையை எடுக்கக் கூடாது.”

நீதி: தெளிவாகப் பேசினால் வேலை போகும், மூக்கால் பேசினால் பதவி உயரும். ஆகவே குழந்தைகளே, சளி பிடித்தால் மருந்து சாப்பிடாதீர்கள்.