தோற்காத அணியும் அம்பர் குண்டும்

ஊரடங்கு வருவதற்கு முந்தைய சனிக்கிழமை லித்துவேனியாவின் ஷில்வேனை ஊரில் இரண்டு வரிசைகள் நின்றன. மருந்துக் கடை வாசலில் ஒன்று. அதில் பதினோரு பேர். கூடைப்பந்து அரங்கத்துக்குப் பின்னால், பழைய டயர் கடை வாசலில் இன்னொன்று. அதில் முந்நூறு பேர். மருந்துக் கடையில் முகக்கவசம் தீர்ந்துபோய்விட்டது. டயர் கடையில் எதுவும் தீரவில்லை. தீராது. ஏமாற்றுச் சரக்குக்கு எந்தக் காலத்தில் தட்டுப்பாடு வந்திருக்கிறது?

டயர் கடைக்குள் உட்கார்ந்திருந்தவர் ஜெனோனாஸ். முன்பு முதுகுவலி மெத்தை விற்றவர். மெத்தை வாங்கியவர்களுக்கு முதுகுவலி கூடியதும் தொழிலை மாற்றிக்கொண்டார். இப்போது 'உயிர்விசை நிபுணர்'. கல்லாய் இறுகிய மஞ்சள் மரப்பிசினான அம்பரில் செய்த ஒரு குண்டைச் சிவப்பு நூலில் தொங்கவிட்டு எதன் மேலாவது பிடிப்பார். வலப்பக்கம் சுற்றினால் நல்லது. இடப்பக்கம் சுற்றினால் கெட்டது. சும்மா தொங்கினால், அவருக்கு இன்னும் பணம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இதை எழுதுகிற நான் தோனாதாஸ். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி 'ஷில்வேனை கடமான்கள்' ஆடும்போது ஒலிபெருக்கியில் கத்துகிறவன். அந்த வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆளாக நானும் நின்றேன். ஆகவே ஒரு அறிவாளி எழுதியது என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

கதை ஜனவரியில் தொடங்கியது. கடமான்கள் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தார்கள். லித்துவேனியாவில் ஒருவன் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தன் ஊர் அணி ஏழு ஆட்டம் தோற்றபிறகு தூங்க முடியாது. சங்கத்தின் செயலாளர் பயிற்சியாளரைத் திட்டினார், காலணியை மாற்றினார், கடைசியில் ஜெனோனாஸை அழைத்து வந்தார்.

ஜெனோனாஸ் குண்டைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்தை மூன்று முறை சுற்றினார். வடக்குப் பக்கக் கூடையின் கீழே குண்டு இடப்பக்கமாகச் சுழன்றது.

"இந்த மரத்தரைக்குக் கீழே ஒரு கெட்ட ஓட்டம் ஓடுது. பந்து எப்படிய்யா உள்ளே விழும்?" என்றார்.

அம்பர் பொடியைத் தூவினார். பந்துகளுக்கு 'விசை ஏற்றினார்'. அடுத்த ஆறு ஆட்டமும் ஜெயித்தோம்!

அதே வாரம்தான் எங்கள் முக்கிய ஆட்டக்காரன் எரிகாஸின் உடைந்த விரல் கூடி, கட்டுப் பிரித்து, அவன் களத்துக்குத் திரும்பியிருந்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் சுவரில் தன் படம் ஒன்றுகூட ஒட்டிக்கொள்ளாத சாதாரண மனுஷி. அவரை எப்படி நம்புவது?

ஆறாவது வெற்றிக்குப் பிறகு ஜெனோனாஸ் என் ஒலிபெருக்கியை வாங்கினார். "இந்தப் பருவத்துல கடமான்கள் இனி ஒரு ஆட்டம்கூடத் தோக்க மாட்டாங்க!" என்று முழங்கினார். அரங்கம் அதிர்ந்தது. நான் அதை இரண்டு முறை திரும்பச் சொன்னேன், என் தொண்டை கிழிய.

அடுத்த ஆட்டம் தலைநகர் அணியுடன். அவர்கள் எங்களை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியிருப்பார்கள் என்பது எரிகாஸின் அம்மாவுக்கே தெரியும். ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொரோனா வந்து கதவைத் தட்டியது. லீக்கை அப்படியே நிறுத்தினார்கள். பட்டியலில் யார் எங்கே இருக்கிறார்களோ அதுவே முடிவு என்றார்கள். நாங்கள் ஆறாம் இடத்தில் உறைந்து நின்றோம்.

அதற்கு மறுநாள்தான் அந்த வரிசை. எனக்கு முன்னால் ஸ்தாசே அக்கா நின்றார். அரங்க வாசலில் பூண்டு தேய்த்து வறுத்த கறுப்பு ரொட்டி விற்கிறவர். முப்பது வருஷமாக ஒரு ஆட்டம் விட்டதில்லை.

"பாத்தியா தோனாதாஸ்! சொன்னாரா இல்லையா? ஒரு ஆட்டம்கூடத் தோக்கல!"

"ஆடவே இல்லையே அக்கா."

"ஆடியிருந்தா தோத்திருப்போம்டா மக்கு! அதனாலதான் அவர் நிறுத்திட்டார்!"

இத்தாலி மூடியதும், விமானங்கள் நின்றதும், பள்ளிக்கூடங்கள் பூட்டியதும் எங்கள் அணி தலைநகரிடம் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகவாம்! வரிசையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரிக்கவில்லை.

உள்ளே போனால் ஆளுக்கொரு அம்பர் காப்பு. இருபத்தைந்து யூரோ. "இதைக் கட்டிக்கிட்டா கிருமி கிட்ட வராது. முகத்துல துணியைக் கட்டாதீங்க. விசை மூச்சு வழியாத்தான் வரும்" என்றார் ஜெனோனாஸ். கட்டிக்கொண்டோம்.

ஊர் முழுவதிலும் ஒரே ஒருத்தி கட்டிக்கொள்ளவில்லை. அவள் யுர்கிதா. ஆட்டத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி. யார் எத்தனை போட்டார்கள், யார் எத்தனை தவறவிட்டார்கள் என்று குறிக்கிறவள். மற்ற நாட்களில் பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை.

"எரிகாஸ் இல்லாத ஏழு ஆட்டம், தோல்வி. எரிகாஸ் இருந்த ஆறு ஆட்டம், வெற்றி. இதுல குண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"உனக்கு எல்லாமே கணக்குதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

ஊரடங்கு வந்தது. ஜெனோனாஸ் அசரவில்லை. புகைப்படத்தை அனுப்பினால் போதும், அதன் மேல் குண்டைப் பிடித்து நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். படத்துக்கு முகக்கவசம் தேவையில்லை அல்லவா!

அணியின் பேருந்து ஓட்டுநர் ஃபெலிக்சாஸ் நல்ல மனுஷன். ஆட்டம் நின்றதும் சும்மா இருக்க மனமில்லாமல், வெளியே வர முடியாத வயதான ரசிகர்களின் வீடுகளுக்கு அந்தப் பேருந்திலேயே உருளைக்கிழங்கும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏப்ரலில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. படத்தை அனுப்பினார். குண்டு வலப்பக்கம் சுற்றியது. "சுத்தம். வெறும் சளி" என்று பதில் வந்தது.

அன்று மாலை யுர்கிதா ஏதோ கேட்க அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டிருக்கிறது.

"ஃபெலிக்சாஸ் அண்ணே, நாளைக்கு எத்தனை வீடு?"

"பதினொண்ணு."

"பாலோட இந்த இருமலையும் சேத்தா குடுக்கப் போறீங்க?"

"குண்டு சுத்தம்னு சொல்லிருச்சும்மா."

"சந்தோஷம். அப்ப பரிசோதனையிலயும் சுத்தம்னுதானே வரும்? போய் ஒரு தடவை மூக்கைக் காட்டிட்டு வாங்க. எனக்காக."

போனார். சுத்தம் என்று வரவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்; அதில் இரண்டு நாள் ஆக்சிஜன். நல்லவேளை, முந்தின வாரம் முழுவதும் பைகளை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பதினோரு வீட்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் வீடு திரும்பிய மறுநாள் டயர் கடை வாசலில் ஒரு பெரிய படம் தொங்கியது. ஃபெலிக்சாஸின் சிரித்த முகம். கீழே: 'அம்பர் காப்பு காப்பாற்றிய ஓட்டுநர்!' பிராணவாயு கொடுத்த மருத்துவமனைக்கு நன்றி என்று ஒரு மூலையில்கூட இல்லை. ஃபெலிக்சாஸுக்கு அதில் பெருமை வேறு. படத்துக்கு முன்னால் நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. அரங்கம் திறக்கும் முதல் நாளில் ரசிகர்கள் எல்லோரும் கவசம் இல்லாமல் உள்ளே கூடி, கைகோத்து நின்று 'விசைச் சுவர்' எழுப்ப வேண்டும் என்று ஜெனோனாஸ் அறிவித்தார். எண்பது வயதுக்காரர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் கொடுத்தார்கள்.

மே மாதக் கடைசி ஞாயிறு. கவசம் கட்டிக்கொண்டு வெளியில் தள்ளித் தள்ளி நிற்கலாம் என்று விட்டிருந்தார்கள். அரங்கத்துக்கு வெளியே உள்ள திறந்த ஆடுகளத்தில் ஜெனோனாஸ் காப்பு விற்றுக்கொண்டிருந்தார். யுர்கிதா பத்து காலணிப் பெட்டிகளோடு வந்தாள்.

"ஐயா, விசை ஏத்தின காப்பு எது, ஏத்தாத காப்பு எதுன்னு குண்டு சொல்லுமா?"

"சொல்லாம? தாயி, அதுக்குக் கண்ணு உண்டு!"

"அப்ப மூடின பெட்டியில வச்சாலும் சொல்லும்."

ஜெனோனாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை இருக்கிறது என்றார். அப்போது அவரை வசமாக மாட்டிவிட்டது யுர்கிதா இல்லை; ஸ்தாசே அக்கா.

"ஐயா செய்யுங்க! இவ வாயை அடைங்க! உலகத்தையே நிறுத்தினவருக்கு ஒரு செருப்புப் பெட்டி பெரிசா?"

கூட்டம் கைதட்டியது. பக்தர்கள் தள்ளினால் எந்தச் சாமியும் நகர்ந்துதான் ஆக வேண்டும்.

எல்லோர் முன்னிலையிலும் ஐந்து காப்புகளுக்கு விசை ஏற்றினார். அவற்றின் உள்பக்கத்தில் யுர்கிதா நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள். அவருடைய பெட்டியிலிருந்தே விசை ஏற்றாத ஐந்தையும் எடுத்தாள். முதல் சுற்று திறந்த பெட்டிகளில். புள்ளி தெரிகிறது. குண்டைப் பிடித்தார். அடடா! ஐந்துக்கு ஐந்து! சுழன்ற வேகத்தில் காற்றே வந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"அருமை. இப்ப மூடலாம்" என்றாள் யுர்கிதா.

பெட்டிகளோடு ஃபெலிக்சாஸ் பேருந்துக்குள் ஏறினார். கலந்து வைத்து, மூடி போட்டு, எண் எழுதி வெளியே நீட்டினார். அவர் இறங்கவில்லை. எதில் எது என்று வெளியே இருந்த ஒருவருக்கும் தெரியாது, யுர்கிதாவுக்கும்தான்.

"நீயுமா உள்ள போகல?" என்று கேட்டேன்.

"பண்ணையில பாலை ருசி பாக்குறவங்ககிட்ட எது யார் வீட்டுப் பால்னு சொல்ல மாட்டோம். கோப்பை நீட்டுறவளுக்கும் சொல்ல மாட்டோம். தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும். மூஞ்சி காட்டிக் குடுக்கும்."

ஜெனோனாஸ் முதல் பெட்டியின் மேல் குண்டைப் பிடித்தார். குண்டு தொங்கியது. கொஞ்சம் வலப்பக்கம் போனது, வெட்கப்பட்டுத் திரும்பியது. வெயில் அப்படியொன்றும் இல்லை. ஆனால் அவர் நெற்றி வேர்த்தது. கால் மணி நேரத்தில் ஐந்து பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்.

திறந்தோம். சிவப்புப் புள்ளி இருந்தது இரண்டில்.

"முகத்துணி! எல்லாரும் முகத்துணி கட்டியிருக்கீங்க, விசை தடைபடுது!" என்றார்.

"முதல் சுத்துலயும் கட்டித்தானே இருந்தோம்?" என்றாள் யுர்கிதா.

"சந்தேகப்படுறவங்க பக்கத்துல இருந்தா குண்டு கூசும்!"

"முதல் சுத்துலயும் நான் இங்கேதான் நின்னேன். அப்ப கூசலையே?"

யுர்கிதா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "குண்டை விசை சுத்தல. பிடிச்சிருக்கிற கைதான் சுத்துது. மனசுக்குத் தெரிஞ்சா கை தானா லேசா ஆடும், பிடிச்சவருக்கே தெரியாது. நம்பலைன்னா நீங்களே பிடிச்சுப் பாருங்க."

ஸ்தாசே அக்கா முன்னே வந்தார். காலணிக் கயிற்றை உருவி அதில் ரொட்டிக் கடைச் சாவிக்கொத்தைக் கட்டினார். திறந்த பெட்டிகளின் மேல் பிடித்ததும் சாவிக்கொத்து ஜோராகச் சுழன்றது. அக்கா பயந்துபோய்க் கயிற்றை உதறினார். "ஐயோ, நான் ஆட்டலடா!" மறுபடி பெட்டிகள் பேருந்துக்குள் போய், கலந்து, மூடி வந்தன. அக்கா அவசரமாக ஐந்தைக் காட்டினார். திறந்தோம்.

மூன்று சரி!

"மூணு!" என்று துள்ளினார் அக்கா. "நான் இவரைவிடப் பெரிய ஆளு! டேய் தோனாதாஸ், எனக்கும் ஒரு டயர் கடை பிடிச்சுக் குடுடா!"

ஆடுகளம் சிரித்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு அத்தனை பேர் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

பேருந்தின் கதவு திறந்தது. ஃபெலிக்சாஸ் மெதுவாக இறங்கினார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப என் படத்து மேல சுத்தினது எது ஐயா?"

ஜெனோனாஸ் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு முப்பத்தொம்பது டிகிரி காய்ச்சல். நீங்க சுத்தம்னு சொன்னீங்க. இந்தப் பொண்ணு மட்டும் கூப்பிடலைன்னா அந்தத் தைரியத்துல மறுநாள் நான் பதினோரு வீட்டுக்குள்ளயும் போயிருப்பேன். அந்தக் கிழவர் யோனாஸ் என்னைப் பாத்தா கட்டிப்பிடிக்காம விடமாட்டார். அவருக்கு எண்பத்தாறு வயசு."

ஃபெலிக்சாஸ் காப்பைக் கழற்றி ஜெனோனாஸின் மேசையில் வைத்தார். பிறகு டயர் கடை வாசலுக்கு நடந்துபோய்த் தன் சிரித்த முகத்தைத் தானே கிழித்து இறக்கினார். அவருக்குப் பின்னால் கழற்றிய காப்புகள் மேசையில் விழுந்துகொண்டே இருந்தன. என்னுடையதும் விழுந்தது.

ஜெனோனாஸ் அந்த வாரமே ஊரைக் காலிசெய்தார். விசைச் சுவர் எழவில்லை. அரங்கம் திறந்த அன்று ஆளுக்கு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கவசம் போட்டுக்கொண்டு, எங்களவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தோம். எரிகாஸ் முதல் பந்தையே வெளியே எறிந்தான். யாரும் தரைக்கு அடியில் எதையும் தேடவில்லை. பயிற்சியாளர், "முழங்கையை நேரா வைடா" என்றார்.

இப்போது ஜெனோனாஸ் கடலோரத்தில் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறாராம். அங்கே குண்டு மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறதாம். அந்த ஊர்க்காரர்கள் வரை என் ஒலிபெருக்கி எட்டாது, ஆகவே எழுதுகிறேன். ஐயா, அம்மா, குண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றட்டும். அதோடு சேர்ந்து உங்கள் தலை சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!