நாற்பத்துமூன்று பல்லு

"டமார்!"

கல்முனைக் கடைத்தெரு முழுவதும் குப்புறப் படுத்தது. யுத்தம் நடந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில் அப்படியொரு சத்தம் கேட்டால் முதலில் படுப்பதும் பிறகு காரணம் விசாரிப்பதும்தான் ஊர் வழக்கம். மெக்கானிக் மஜீட், மெக்கானிக்காக இருந்த தகப்பன் விட்டுப்போன கராஜின் எண்ணெய்த் தரையில் கன்னத்தைப் பதித்தபடி வீதியை எட்டிப் பார்த்தான்.

"எழும்புங்க, எழும்புங்க! குண்டில்ல, என்ட கார்தான்!"

நடுவீதியில் கூரையில்லாத சிவப்பு நிற இங்கிலாந்துக் கார் ஒன்று நின்றது. இரண்டே இருக்கை. அதற்குள் எழுந்து நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார் பாண்டிருப்பு கனகரெத்தினம். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

மஜீட் போய்க் குனிந்து பார்த்தான். எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் நீண்ட இரும்புத் தண்டு மூட்டு உடைந்து வீதியில் கிடந்தது.

"சின்ன வேல சேர். ஒரு மணித்தியாலம்."

பக்கத்து உதிரிப்பாகக் கடை முபாறக் செருமினான். "சேர், முன்னுக்குப் போற யோசன இரிந்தா நல்லா யோசிச்சுக் குடுங்க. இவர்ர பேர் தெரியும்தானே? ரிவர்ஸ் மஜீட்!"

மஜீட்டின் காது சிவந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அச்சிமுகம்மது ஹாஜியாரின் வேனுக்கு டிஃபரன்சலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டான். பின் சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி அது. நான்கு கியரும் பின்னால் ஓடின. ரிவர்ஸ் கியர் மட்டும் முன்னால் ஓடியது. ஹாஜியார் மருதமுனை வரைக்கும் கழுத்தைத் திருப்பியபடியே போய்ச் சேர்ந்தார். அன்று ஒட்டிய பெயர். போன மாதம் பள்ளிக்கூடத்தில் மாஸ்டரே, "நீ ரிவர்ஸ்ட மகளா?" என்று கேட்டதாக மகள் நஜ்லா அழுதுகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு மஜீட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

சொன்னபடி ஒரு மணித்தியாலத்தில் மூட்டு சரியாகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை.

"தம்பி, இன்னுமொண்டு," என்றார் கனகரெத்தினம். "வாங்கின புதுசில பறந்த கார் இது. பன்னிரண்டு வருசமா முப்பத்தஞ்சு மைலத் தாண்டினா எஞ்சின் கத்துது. நேத்து நெல் லொறி ஒண்டு என்ன முந்திப் போகுது. மூடைக்கு மேல இருந்தவன் கைகாட்டிட்டுப் போறான்! இதக் கண்டுபிடிச்சா ஊர் பாக்க உங்களுக்கு மால போடுவன். இல்லாட்டி சனிக்கிழம கார லொறியில ஏத்திக் கொழும்புக்கு அனுப்புவன்."

"கொழும்புக்கா? நான் உசிரோட இரிக்கக்குள்ளயா?"

மஜீட் ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்தி, அதை இரண்டு சுற்றுச் சுற்றினான். தண்டு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றியது. அட்டை கிழிந்த பழைய புத்தகத்தைப் புரட்டினான். இந்தக் காருக்கு நான்கு சுற்றும் கொஞ்சமும்தான் என்று அதில் போட்டிருந்தது.

"கோளாறு பெட்டிக்குள்ள சேர். கழட்டினாத்தான் தெரியும்."

"கழட்டுறது லேசு," என்றான் முபாறக். "பூட்டுறதுதான் உனக்குப் பழக்கமில்ல."

சில்லுகளைக் கழற்றி, அச்சுகளை இழுத்தான். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றது அசையவில்லை. கயிறு கட்டி முபாறக்கையும் இழுக்க வைத்தான். அச்சு சட்டென்று வந்தது. இருவரும் மல்லாந்தார்கள். கூடவே பாய்ந்து வந்த எண்ணெய், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கனகரெத்தினத்தின் வெள்ளை வேட்டியைக் கறுப்பாக்கியது.

மஜீட் எண்ணெயை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"மரத்தூள்!"

"எண்ணெய்க்குள்ள மரத்தூளா?"

"பல்லுர இரைச்சல் கேக்காம இரிக்கக் கலந்திரிக்கான் சேர். எந்தக் கள்ளனோ உங்கட கார்ல கைவரிசயக் காட்டியிரிக்கான்."

"எந்தப் பாவி அவன்?"

"பாவியா? ஆள் மட்டும் ஆப்பிடட்டும், அவன்ட கைய முறிச்சிட்டுத்தான் மறுவேல!"

பெட்டியில் இருந்த இலக்கத்தின் மேல் யாரோ தடிப்பாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இனிப் பல்லை எண்ணித்தான் அது எந்தப் பெட்டி என்று அடையாளம் காண வேண்டும். மஜீட் வெண்கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு, பெரிய சக்கரத்தை எண்ணத் தொடங்கினான்.

"இருபத்தாறு, இருபத்தேழு..."

"மஜீட், உன்ட மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒம்பது. பத்து, பதினொண்டு, பன்னி... டேய் முபாறக்!"

இரண்டாம் முறை முபாறக் நேரம் கேட்டான். மூன்றாம் முறை அவன் வாயைத் திறக்குமுன் மஜீட் ஒரு முழு வாழைப்பழத்தை அதற்குள் திணித்துவிட்டு எண்ணினான். பெரிய சக்கரத்தில் நாற்பத்துமூன்று பல்லு, சின்னதில் எட்டு.

அப்படியே எழுந்து கராஜின் பின்வளவுக்கு ஓடினான். அங்கே ஆதிகாலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் பெட்டியையும் திறந்து எண்ணினான். நாற்பத்துமூன்று. எட்டு.

"சேர்! இது உங்கட கார்ர பெட்டியே இல்ல! கிழட்டு மைனர்ர பெட்டி! பறக்கிற குதிரைக்கு ஆமட கால வெச்சிரிக்கான்!"

கனகரெத்தினம் எண்ணெய் வேட்டியோடு துள்ளினார். "அப்ப சரியான பெட்டி எங்க இருக்கு?"

புத்தகத்தின்படி முப்பத்தெட்டும் ஒன்பதும் வேண்டும். பிந்திய மைனர்களுக்கும் அதே பெட்டிதான். ஊரெல்லாம் தேடி அலுத்து வந்த மஜீட், முபாறக்கின் கடைவாசலில் தடக்கி விழுந்தான். காற்றுக்கு அடிபடாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த இரும்பை எழுந்து பார்த்தான். எண்ணினான். முப்பத்தெட்டு, ஒன்பது!

"இவ்வளவு நாளும் இதுலதான் நான் கால இடிச்சிக்கிட்டு இரிந்தனா?" என்றான் முபாறக்.

இந்த முறை மஜீட் கவனமாக இருந்தான். பெட்டியின் மேல்பக்கத்தில் வெண்கட்டியால் "மேல்" என்று எழுதினான். பிஸ்மி சொல்லித் தூக்கினான். தூக்கிய கையில் எண்ணெய் இருந்ததையும் எழுத்து அதில் அழிந்ததையும் அவன் காணவில்லை.

கடைத்தெருவே கூடி நிற்க, கனகரெத்தினம் ஏறி முதலாம் கியரைப் போட்டார். கார் கம்பீரமாகப் பின்னால் போய், முபாறக் அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குள் புகுந்தது.

"ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" சனம் விசிலடித்தது.

மஜீட்டுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. கூட்டத்துக்குள் பாடசாலைப் பையோடு நஜ்லா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடியும் காருக்கடியில் புகுந்தான்.

"இன்னும் ரெண்டு மணித்தியாலம். ஒருத்தரும் போகப்படா!"

ஒருவரும் போகவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கையை யார் விடுவார்கள்?

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கார் முன்னால் போனது. சும்மா போகவில்லை, பறந்தது. சாய்ந்தமருது, நிந்தவூர், பாலமுனை எல்லாம் பின்னால் ஓட, அட்டாளைச்சேனைக்குக் கிட்ட முள் எழுபதைத் தொட்டது. எஞ்சின் முனகக்கூட இல்லை. வழியில் நெல் லொறி ஒன்றை முந்தும்போது, கனகரெத்தினம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அதற்குக் காட்டினார்.

"சேர், கைய வைங்க! புள்ளக்குட்டிக்காரன் நான்!"

"எழுபது, தம்பி! எழுபது!"

திரும்பி வந்ததும் மாலை விழுந்தது. முபாறக் தானாக வந்து மஜீட்டைக் கட்டிப்பிடித்தான். "மச்சான், இனி உன்ன ரிவர்ஸ் எண்டு சொல்றவன் என்ட கடைப்படி ஏறப்படா." நஜ்லா மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாஸ்டரின் வீட்டு வீதி வழியாகவே நடந்து போனாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கனகரெத்தினத்தின் மனைவி இறங்கினார். தலைமயிர் முழுவதும் காற்றில் கலைந்து நட்டுக்கொண்டு நின்றது. காரில் ஒரு சுற்றுப் போய்வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"வாங்கம்மா, வாங்க! எப்படிப் போகுது கார்?" மஜீட் கதிரையைத் துடைத்துப் போட்டான். "எந்தக் கள்ளனோ பார்த்த வேலம்மா. இன்னும் ஆள்தான் ஆப்பிடல்ல."

அவர் கதிரையில் இருக்கவில்லை. கராஜின் மூலையில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்த பழைய பெட்டியைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"பன்னிரண்டு வருசத்துக்கு முதல் உங்கட வாப்பாவ மண்டாடி இந்தப் பெட்டியப் போடுவிச்சவள் நான்தான் தம்பி. என்ட தாலி கழுத்தில கிடக்கவேணுமெண்டா, இத இண்டைக்கே திரும்பப் பூட்டுங்க!"